சபர் போய் வந்த வைத்தியர்

நாம் வியாபாரிகள். நம் பாட்டன்மார் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்குக் கரையில் இறங்கியபோது கொண்டு வந்த சரக்கு கொஞ்சம். இங்கே வந்து கற்றுக்கொண்டது அதைவிட அதிகம். ஊர்விட்டு ஊர் போனவனுக்குக் கண் திறக்கும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சபர் என்ற சொல்லே நம் வீடுகளில் பிழைப்புக்கு மறுபெயராக வழங்கி வந்திருக்கிறது.

ஆனால் சரக்குக்காகச் சபர் போவது ஒன்று. தொழில் ஞானத்துக்காகச் சபர் போவது இன்னொன்று. இந்த இரண்டாவது வகைச் சபர் ஒரு மனிதரை எப்படி உருவாக்கும், அவரால் எத்தனை உயிர்கள் பிழைக்கும் என்பதற்கு நம் ஊரிலேயே ஓர் அத்தாட்சி உண்டு. அவர் சீனர், நம் சமூகத்தவர் அல்லர். ஆயினும் நம்மவர் பெயரைத் தாங்கி நிற்கும் சூலியா தெருவில் வைத்தியம் பார்த்தவர். டாக்டர் வூ லியன் தே என்னும் அந்தப் பெரியாரின் சரித்திரத்தை வாசக சகோதரர்களின் முன் வைக்கிறோம்.

பிறப்பும் படிப்பும்

1879-ஆம் வருஷம் மார்ச் மாதம் 10-ந் தேதி அவர் பினாங்கில் பிறந்தார். தகப்பனார் தென்சீனத்தின் தைஷான் பகுதியிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர். தங்க வேலை செய்பவர். தாயார் பினாங்கிலேயே பிறந்தவர். வீடு நிறையப் பிள்ளைகள். 1816-ல் ஏற்பட்ட பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் பையன் படித்தான். அந்தக் காலத்தில் ஒரு தட்டாரின் பிள்ளை சீமைக்குப் போய் டாக்டராவது இலேசான காரியம் அன்று.

வழி திறந்தது ஓர் உபகாரச் சம்பளம். சிங்கப்பூர், மலாக்கா, பினாங்கு மூன்றும் சேர்ந்த அன்றைய குடியேற்ற நாட்டில், பரீட்சையில் முதன்மை பெறும் பிள்ளைகளை இங்கிலாந்துக்கு அனுப்ப 1885-ல் மகாராணி பெயரால் ஒரு திட்டம் வந்தது. 1896-ல் அந்தப் பரிசைத் தட்டிக்கொண்டு, 17 வயதில் கப்பலேறினார் லியன் தே. கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையின் இம்மானுவேல் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே வைத்தியம் படித்த முதல் சீனர் அவரே.

பிறகு லண்டன் செயின்ட் மேரி ஆஸ்பத்திரியில் பயிற்சி. அதோடு அவர் நிற்கவில்லை. லிவர்பூலில், மலேரியாவைப் பரப்புவது கொசுவே என்று 1897-ல் நம் இந்தியாவின் செகந்தராபாத்தில் கண்டுபிடித்த டாக்டர் ரொனால்ட் ராஸிடம் பாடம் கேட்டார். ஜெர்மனியில் ஹாலே நகரிலும், பாரிஸில் பாஸ்டர் ஆராய்ச்சிசாலையிலும் கிருமிகளைப் பற்றிக் கற்றார். ஒரே கடையில் பத்து வருஷம் நின்ற பையனைவிட, நாலு முதலாளிகளிடம் நாலு விதக் கணக்குப் பார்த்த பையன் தேறியவனாக இருப்பான். இதுவும் அப்படித்தான். யார் சொன்னாலும் நம்பிவிடாமல், தானே பூதக்கண்ணாடியில் பார்த்துத் தெளிவது என்ற பழக்கம் அவருக்குப் படிந்தது. பட்டங்களைவிட அந்தப் பழக்கமே அவருக்குப் பெரிய முதலாயிற்று.

சூலியா தெருவில்

1903-ல் ஊர் திரும்பினார். கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிசாலையில் பெரிபெரி நோயைப் பற்றி ஆராய்ந்தார். ஈயச் சுரங்கக் கூலிகளை வாட்டிய வியாதி அது. ஆனால் சர்க்கார் வைத்திய இலாகாவின் மேல் பதவிகள் வெள்ளையருக்கே என்பது அன்றைய சட்டம். சீமை ஆசிரியர்கள் மெச்சிய மாணவருக்குச் சொந்த நாட்டு சர்க்காரில் நாற்காலி இல்லை. மகாராணி பெயரால் பணம் போட்டு அனுப்பிய அதே கை, திரும்பி வந்தவருக்குக் கதவைச் சாத்தியது.

1904 கடைசியில் பினாங்கு சூலியா தெருவில் சொந்தமாக வைத்தியம் தொடங்கினார். வந்த நோயாளிகளில் அபினியால் எலும்பும் தோலுமானவர்களைப் பார்த்து அவர் மனம் பொறுக்கவில்லை. அபினி எதிர்ப்புச் சங்கம் அமைத்தார். பெரிய மகாநாடு கூட்டினார். அபினிக் குத்தகையோ சர்க்கார் வருமானத்தின் பெருந்தூண். அதில் கொழுத்த செல்வர்களும் பலர். 1907-ல் அவருடைய மருந்தறையைச் சோதனை போட்டார்கள். மருந்துக்காக வைத்திருந்த ஒரு அவுன்ஸ் அபினிச் சாறு அகப்பட்டது. அபினியை ஒழிக்க நின்றவருக்கே அபினி வைத்திருந்த குற்றத்துக்கு அபராதம்!

அந்தச் சமயம் சீனாவிலிருந்து அழைப்பு வந்தது. தியன்ஜின் நகரில் ராணுவ வைத்தியக் கல்லூரியின் உபதலைவர் பதவி. 1908-ல் அங்கே போனார். ஆங்கிலப் பள்ளியில் வளர்ந்த அவருக்கு வடசீனப் பேச்சு வராது. அதையும் போன பிறகே கற்றார். பினாங்கு ஒரு வைத்தியரை இழந்தது, சீனா பெற்றது.

ஹார்பின் நகரின் மஹாமாரி

மஞ்சூரியாவில் தார்பகான் என்ற மலை அணில் இனம் உண்டு. அதன் ரோமத்தோலுக்குச் சாயம் ஏற்றி உயர்ந்த தோல்போல விற்கும் வித்தை வந்ததும் விலை ஏறியது. விலை ஏறினால் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். அனுபவமில்லாத கூலிகள் ஆயிரக்கணக்கில் வேட்டைக்குக் கிளம்பினார்கள். பழைய வேட்டைக்காரர் நோயுற்ற பிராணியைத் தொடமாட்டார்கள். புதியவர்கள் அகப்பட்டதையெல்லாம் பிடித்து உரித்தார்கள். நெருக்கமான சத்திரங்களில் தங்கினார்கள், ரயிலேறிப் பிரிந்தார்கள். அவர்களோடு பிளேக் நோயும் ரயிலேறியது. பிடித்தவர் பிழைத்ததில்லை.

1910-ஆம் வருஷம் டிசம்பர் 24-ந் தேதி, உறைபனியில், ஹார்பின் வந்து இறங்கினார் டாக்டர் வூ. வயது 31. பம்பாயில் 1896-ல் தொடங்கிய பிளேக்கை ஆராய்ந்தவர்கள், அது எலியாலும் எலியின் தெள்ளுப்பூச்சியாலும் பரவுவது என்று கண்டிருந்தார்கள். ஆகவே ஹார்பினிலும் எலிகளையே அறுத்துத் தேடிக்கொண்டிருந்தார்கள். எலியில் ஒன்றும் கிடைக்கவில்லை. டாக்டர் வூ இறந்துபோன ஒரு பெண்மணியின் உடலை அந்தரங்கமாகச் சோதித்தார். பூதக்கண்ணாடியில் கிருமி தெரிந்தது. அது நுரையீரலில் நிறைந்திருந்தது. இது இருமலாலும் மூச்சாலும் மனிதரிடமிருந்து மனிதருக்கே தாவுகிறது என்று அவர் முடிவு கட்டினார்.

பஞ்சும் மெல்லிய கட்டுத்துணியும் வைத்துத் தைத்த மலிவான முகமூடியை எல்லோரும் அணிய வேண்டும் என்றார். மெஸ்னி என்ற அனுபவம் மிகுந்த பிரெஞ்சு டாக்டர், இந்தச் சின்ன வயதுச் சீனரின் பேச்சை ஏற்கவில்லை. முகமூடி இல்லாமலே நோயாளிகளைப் பார்த்தார். சில நாட்களில் அதே நோயால் மாண்டார். பிறகு முகமூடி வேண்டாமென்று சொன்னவர் இல்லை. டாக்டர் வூ நகரை நாலு வட்டாரமாகப் பிரித்தார். ரயில் பெட்டிகளையே தனித்து வைக்கும் அறைகளாக்கினார். ராணுவத்தைக் காவல் வைத்து ஜன நடமாட்டத்தை நிறுத்தினார்.

கொள்ளைநோய் கண்ட ஊருக்குள் நுழைவதையும் அங்கிருந்து வெளியேறுவதையும் விலக்கிய நபிவழியை மதரஸாவில் ஓதிய நமக்கு இந்த ஏற்பாடு புதிதாகத் தோன்றாது. 2020-ல் கொரோனா வந்து நாம் முகக்கவசம் கட்டிக் கடைகளைப் பூட்டியிருந்தபோது, அந்த முறைக்கு வழிகாட்டியவர்களில் ஒருவர் நம் ஊர்க்காரர் என்பதை எத்தனை பேர் அறிந்திருந்தோம்?

மிகக் கஷ்டமான காரியம் இன்னும் மிச்சமிருந்தது. நிலம் கல்லாக உறைந்து, தோண்ட முடியாமல் 2,000-க்கு மேற்பட்ட பிரேதங்கள் நகருக்கு வெளியே கிடந்தன. எரிப்பதே வழி. ஆனால் நம்மைப் போலவே சீனரும் இறந்தவரை மண்ணில் அடக்குவதைக் கடமையாகக் கருதுபவர்கள். துப்பாக்கியைக் காட்டி எரித்திருந்தால் கலகம் மூண்டிருக்கும். டாக்டர் வூ ஊர் அதிகாரிகளையும் பெரியவர்களையும் அந்த இடத்துக்கே அழைத்துப்போய்க் காட்டினார். அவர்கள் சம்மதத்தோடு சக்கரவர்த்திக்கு விண்ணப்பம் போயிற்று, அனுமதி வந்தது. 1911 ஜனவரி 31-ந் தேதி எரியூட்டினார்கள். மார்ச் முதல் தேதியோடு ஹார்பினில் நோய் நின்றது. அந்த மஹாமாரியில் மாண்டவர் மொத்தம் ஏறக்குறைய 60,000 பேர்.

இங்கே ஒன்று கவனிக்கத்தக்கது. கிருமியைக் காணும் கண்ணை ஐரோப்பா கொடுத்தது. ஜனங்களின் மனதை அறியும் கண்ணோ நம் கிழக்கு நாட்டு வளர்ப்பால் வந்தது. ஒன்று மட்டும் இருந்திருந்தால் காரியம் பாதியில் நின்றிருக்கும்.

கொடுத்தும் வாங்கியும்

அதே வருஷம் ஏப்ரலில் மூக்டென் நகரில் 11 நாட்டு வைத்திய நிபுணர்கள் கூடினார்கள். ஜப்பானின் கிடசாட்டோ, ரஷ்யாவின் ஸபொலோட்னி போன்ற மேதைகள் வந்திருந்த அந்த மகாநாட்டுக்குத் தலைவர் 32 வயது வூ. மாணவராகச் சீமை போனவரிடம் இப்போது உலகமே பாடம் கேட்க வந்தது. தொழில் ஞானம் நம் கைக்கணக்குப் போன்றது. வாங்குவதும் கொடுப்பதும் இருந்தால்தான் கணக்கு உயிரோடிருக்கும்.

அபினி வழக்கில் பினாங்கு அபராதம் போட்ட மனிதர், அந்த வருஷக் கடைசியில் ஹேக் நகரில் கூடிய சர்வதேச அபினி மகாநாட்டில் சீனாவின் பிரதிநிதிகளில் ஒருவராக உட்கார்ந்தார். மஞ்சூரியாவில் பிளேக் தடுப்பு நிலையங்களும் ஆஸ்பத்திரிகளும் கட்டினார். 1915-ல் சீன வைத்தியர் சங்கத்தை நிறுவியவர்களில் ஒருவரானார். 1920-ல் பிளேக் மறுபடி வந்தபோது எல்லாம் தயாராக இருந்தது. இந்த முறை மாண்டவர் 10,000-க்கும் குறைவு.

இவ்வளவு கீர்த்தி பெற்ற பிறகு 1924-ல், 45 வயதில், அவர் மறுபடி மாணவரானார். அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் நிதி பல நாட்டு வைத்தியர்களை அழைத்துப் பயிற்சி கொடுத்து வந்தது. அந்த உதவியோடு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலையில் பொதுச் சுகாதாரம் படித்தார். திரும்பி வந்து 1926-ல் ஹார்பினில் வைத்தியக் கல்லூரி தொடங்கினார். பிளேக்கைப் பற்றி அவர் எழுதிய பெரிய நூலை அந்த வருஷமே சர்வதேச சங்கம் வெளியிட்டது. 1930-ல் சீனத் துறைமுகங்களின் நோய்த்தடுப்பு வேலை அந்நியர் கையிலிருந்து சீனருக்கு மாறியபோது அதன் தலைவரானார். கப்பலில் வந்து ஜெரெஜாக் தீவில் அடைபட்டுக் கிடந்த நம் முன்னோர் கதைகளைக் கேட்டவர்களுக்கு, துறைமுகச் சோதனை யார் கையில் இருக்கிறது என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். 1935-ல் நோபல் பரிசுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது.

1937-ல் ஜப்பானியர் சீனாவின் மேல் படையெடுத்தார்கள். டாக்டர் வூ எல்லாவற்றையும் விட்டு மலாயா திரும்பினார். ஈப்போவில் சாதாரண வைத்தியராக உட்கார்ந்து, காய்ச்சலுக்கும் இருமலுக்கும் மருந்து கொடுத்தார். பேராக் நூல் நிலையத்துக்காக நன்கொடை திரட்டினார். 1960 ஜனவரி 21-ந் தேதி, 80-வது வயதில், பிறந்த பினாங்கிலேயே கண்மூடினார்.

நமக்கு என்ன?

சீமை போய் வந்தவர்கள் எல்லோரும் வூ லியன் தே ஆவதில்லை. கோட்டும் தொப்பியும் மட்டும் வாங்கி வந்தவர்களும் உண்டு. ஆனால் தகுதியுள்ள பிள்ளைக்கு வழி திறந்தால் என்ன விளையும் என்பதற்கு இந்தச் சரித்திரம் போதும். ஒரு பையனுக்குப் போட்ட உபகாரச் சம்பளம் கடைசியில் எத்தனை ஆயிரம் உயிர்களாக வசூலானது! இதைவிட இலாபமான முதலீட்டை எந்தப் பேரேட்டிலும் நாம் கண்டதில்லை.

இன்னொரு பாடம் கசப்பானது. அனுப்பி வைப்பது பாதி வேலை. திரும்பி வந்தவனுக்கு இடம் கொடுப்பது மறுபாதி. பினாங்கு முதல் பாதியைச் செய்து மறுபாதியில் தவறியது. நம்மிடையிலும் அப்படி நடக்கிறது. வெளிநாடு போய்ப் படித்து வந்த பிள்ளை புதுக் கணக்கு முறை ஒன்றைச் சொன்னால், நம் காலத்தில் இதெல்லாம் இருந்ததா என்று வாயை அடைக்கிறோம். படித்து வந்த பெண்பிள்ளையின் பட்டத்தைப் பெட்டியில் பூட்டி வைக்கிறோம். பிறகு அவர்கள் சிங்கப்பூருக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போய்விட்டால், ஊரை மறந்தார்கள் என்று குறை சொல்கிறோம்.

ஆகவே சங்கத்தாருக்கு நம் யோசனை இதுதான். வருஷத்துக்கு ஒரு பிள்ளையாவது, ஆணோ பெண்ணோ, வைத்தியமோ கணக்கோ இயந்திரத் தொழிலோ, வேறொரு நாட்டில் சில மாதம் தங்கித் தொழில் பழகி வரக் கூட்டாக ஒரு நிதி வைப்போம். அந்தப் பிள்ளை கிளம்பும் முன்பே, திரும்பி வந்ததும் எந்தக் கடையில், எந்த அலுவலகத்தில், எந்த வைத்தியசாலையில் இடம் என்று எழுதி வைப்போம். வந்த பிறகு அவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்போம். இன்ஷா அல்லாஹ், அடுத்த டாக்டர் வூ லியன் தே நம் சூலியா தெருவிலேயே தங்குவார்.