காற்றுக்கு முட்டுக் கொடுத்தவர் - ஃபஸ்லூர் ரஹ்மான் கான்



மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று சங்கத்தில் கேட்டார்கள். விடுதி நினைவுகளை எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். அதனால் நான் ஒரு பொறியாளரின் வாழ்க்கையை எடுத்துக்கொண்டேன். படித்துவிட்டு மறந்துபோகாமல், கடைசியில் சொல்லியிருப்பதைக் கொஞ்சம் மனசில் வையுங்கள்.

நம்ம எறையூர்ப் பக்கம் கீற்றுக் கொட்டகை போடுவதைப் பார்த்திருப்பீர்கள். நாலு கால் நட்டு, மேலே கழி கட்டினால் கொட்டகை நின்றுவிடும். ஆனால் அதோடு விடமாட்டார்கள். காலுக்கும் மேல் கழிக்கும் இடையே இன்னொரு கழியைச் சாய்வாக வைத்துக் கட்டுவார்கள். ஆடிக் காற்று சும்மா விடுமா? நாலு குச்சிகளைச் சதுரமாகக் கட்டிப் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள், அப்படியே படுத்துவிடும். மூலைக்கு மூலை ஒரு குச்சியைக் கட்டிவிட்டுத் தள்ளுங்கள், அசையாது. சதுரம் இப்போது இரண்டு முக்கோணம் ஆகிவிட்டது. பக்கங்களின் நீளம் மாறாதவரை முக்கோணத்தின் வடிவம் மாறாது. ஆலைக் கொட்டகைகளில் இரும்புத் தூண்களுக்கு நடுவே பெருக்கல் குறி போல ஆங்கிள் அடித்திருப்பதும் இதற்காகத்தான். அதற்குப் பெயர் பிரேசிங்.

இந்தச் சாய்வுக் கழியை நூறு மாடிக்குக் கொண்டுபோனவர்தான் ஃபஸ்லூர் ரஹ்மான் கான்.

1929 ஏப்ரல் 3-ஆம் தேதி டாக்காவில் பிறந்தார். அன்றைக்கு அது பிரிட்டிஷ் இந்தியாவின் வங்காளம். அப்பா கணித ஆசிரியர். மகனுக்கு இயற்பியல் மேல் ஆசை. அப்பாவோ பொறியியல் பக்கம் திருப்பிவிட்டார். கல்கத்தாவை அடுத்த சிப்பூர் பெங்கால் எஞ்சினியரிங் காலேஜில் சேர்ந்தார். படிப்பு முடிவதற்குள் நாடு பிரிந்தது, பின்னாலேயே கலவரமும் வந்தது. கல்கத்தாவில் படிப்பை முடிக்க முடியாமல் டாக்கா திரும்பி, அசானுல்லா பொறியியல் கல்லூரியில் பட்டத்தை முடித்தார். அதுவும் முதல் மாணவராக! 1952-இல் உதவித்தொகையில் அமெரிக்கா போனவர், இல்லினாய் பல்கலைக்கழகத்தில் மூன்றே வருஷத்தில் இரண்டு முதுகலைப் பட்டமும் டாக்டர் பட்டமும் வாங்கிவிட்டார். 1955-இல் சிகாகோவில் ஸ்கிட்மோர், ஓயிங்ஸ் அண்ட் மெரில் நிறுவனத்தில் சேர்ந்தார். இடையில் கராச்சியில் கொஞ்ச காலம் வேலை பார்த்துவிட்டு, 1960-இல் மறுபடி அங்கேயே போனார்.

உயரக் கட்டடத்துக்குப் பெரிய எதிரி அதன் எடை அல்ல, பக்கவாட்டில் தள்ளும் காற்றுதான். ஒரே அமைப்பை வைத்துக்கொண்டு உயரத்தை மட்டும் இரண்டு மடங்கு ஆக்கினால், காற்று அடித்தளத்தில் உண்டாக்கும் வளைவு நாலு மடங்கு, உச்சி ஆடுவது பதினாறு மடங்கு. அதைத் தாங்க இரும்பைக் கொட்டிக்கொண்டே போனால் செலவு கட்டுப்படியாகாது. கான் யோசித்தது இங்கேதான்.

முதலில் ஷியர் வால். லிஃப்டையும் மாடிப்படியையும் சுற்றி அடியிலிருந்து உச்சிவரை எழுப்பும் கான்கிரீட் சுவர் அது. காற்று தள்ளும்போது அது நட்டுவைத்த கம்பு போல வளையும். உச்சிக்குப் போகப் போகச் சாய்வு கூடும். தூணும் பீமும் சேர்ந்த சட்டமோ, பக்கவாட்டில் தள்ளிவிட்ட சீட்டுக்கட்டு போல மாடிக்கு மாடி நகரும். அந்த நகர்வு கீழ் மாடிகளில்தான் அதிகம். இரண்டையும் ஒன்றாகக் கட்டினால், கீழே சுவர் சட்டத்தைப் பிடித்துக்கொள்ளும், மேலே சட்டம் சுவரை இழுத்துப் பிடிக்கும். அண்ணன் தம்பி போல ஒருத்தர் குறையை இன்னொருத்தர் மூடுகிறார்கள். இதைக் கணக்கிடும் வழியை கான், சக பொறியாளர் ஸ்பரூனிஸுடன் சேர்ந்து 1964-இல் வெளியிட்டார்.

அடுத்தது குழாய். மூங்கிலுக்கு நடுவில் ஒன்றுமில்லை, பலமெல்லாம் ஓட்டில்தான். அதே போல வெளிச்சுவரில் தூண்களை நெருக்கமாக நிறுத்திக் கட்டடத்தையே ஒரு குழாயாக்கினார். 43 மாடி டிவிட்-செஸ்ட்நட் குடியிருப்பு அப்படி எழுந்தது.

அப்புறம் வந்தது ஜான் ஹான்காக் சென்டர். 1959-இல் சென்னை எல்.ஐ.சி. கட்டடம் திறந்தபோது நாட்டிலேயே உயரமானது அதுதான், 177 அடி. பத்தே வருஷத்தில் கான் சிகாகோவில் 1,127 அடி, 100 மாடி எழுப்பிவிட்டார். கட்டடக் கலைஞர் புரூஸ் கிரஹாம் துணை நின்றார். கட்டடத்தின் நாலு முகத்திலும் பல மாடி உயரத்துக்குப் பெரிய பெரிய பெருக்கல் குறிகள். ஜன்னலை மறைக்கிறதே என்று பார்த்தால், காற்றைத் தாங்குவது அதுதான். 1931-இன் எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்கு ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 206 கிலோ இரும்பு பிடித்தது. ஹான்காக்குக்குச் சுமார் 145 கிலோதான்!

விழாது என்று கணக்குச் சொன்னால் போதுமா? உள்ளே இருப்பவருக்குத் தலை சுற்றக்கூடாதே! சிகாகோ அறிவியல் அருங்காட்சியகத்தில் ஒரு சுழலும் மேடை இருந்தது. அதில் சிலரை ஏற்றி, எவ்வளவு ஆட்டம் உடம்புக்குத் தெரிகிறது என்று பார்த்தார் கான். கட்டடத்தில் மனிதர் வாழப்போகிறார் என்பதை அவர் மறக்கவில்லை.

பிறகு ஒன்பது குழாய்களைக் கட்டாகக் கட்டி, 110 மாடி, 1,450 அடியில் சியர்ஸ் டவர். அதன் பெயர் 2009-இல் வில்லிஸ் டவர் ஆனது. 1970-களில் தொடங்கி 1998 வரை உலகிலேயே உயரமான கட்டடம் அதுதான்.

சொந்த மண்ணையும் மறக்கவில்லை. 1971-இல் வங்கதேசப் போரின்போது சிகாகோவில் இருந்தபடியே அமைப்பு திரட்டி, நிதி சேர்த்து உதவினார். 1982 மார்ச் 27-ஆம் தேதி ஜெட்டாவில் மாரடைப்பால் காலமானார். 53 வயது நிரம்ப ஒரு வாரம் இருந்தது. உடல் சிகாகோவில் அடக்கம் செய்யப்பட்டது.

இப்போது நம்ம ஊருக்கு வருவோம். நாம் யாரும் நூறு மாடி கட்டப்போவதில்லை. ஆனால் பெரம்பலூரிலும் அரியலூரிலும் கீழே கார் நிறுத்த வெறும் தூண், மேலே இரண்டு மூன்று மாடி என்று கட்டுவது இன்றைக்கு வழக்கமாகிவிட்டது. 2001 ஜனவரி 26 குஜராத் பூகம்பத்தில், மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த அகமதாபாத்தில் பல அடுக்குமாடிகள் இடிந்தன. அவற்றில் நிறைய இந்த மாதிரிதான். மேலே செங்கல் சுவர்கள் நிறைந்த விறைப்பான பெட்டி, கீழே சுவரே இல்லாத மெலிந்த கால்கள். ஆட்டம் முழுவதும் கீழ்த்தளத் தூண்களில் வந்து விழுந்தது.

நம் பகுதியில் பூகம்ப அபாயம் குறைவுதான். அதற்காக விட்டுவிடலாமா? வீட்டு வரைபடத்தைக் கையில் வாங்கியதும் ஒரு கேள்வி கேளுங்கள்: பக்கவாட்டில் தள்ளினால் கீழ்த்தளத்தைப் பிடித்துக்கொள்ள என்ன இருக்கிறது? இரண்டு திசையிலும் கான்கிரீட் சுவரோ, பிரேசிங்கோ, அதற்கென்றே கணக்குப் போட்ட பலமான தூண்களோ இருக்க வேண்டும். பதில் இல்லையென்றால் வரைபடத்தைத் திருப்பிக் கொடுங்கள். சிவில் படிக்கும் தம்பி, தங்கைகளே, நாளைக்கு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப்போகிறவர்கள் நீங்கள்தான்.

கொட்டகை போடுகிற நம்ம ஊர்ப் பெரியவர் மறக்காத அந்தச் சாய்வுக் கழியை, படித்த நாமும் மறக்காமல் இருப்போம். அடுத்த சந்திப்பில் பார்ப்போம்.