முன்னோரைத் தேடிப் போன பெஞ்சமின் பிராங்க்ளின்

தாத்தா பெயர் நம் எல்லோருக்கும் தெரியும். பூட்டன் பெயரைக் கேட்டால் தலையைச் சொறிவோம். பட்டம் விட்டு மின்னலை ஆராய்ந்தார் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அந்தப் பெஞ்சமின் பிராங்க்ளின் இந்த விஷயத்தில் நம்மைப் போல இல்லை.

அவர் 1706 ஜனவரி 17 அன்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பிறந்தார். தந்தை ஜோசையா 1683 வாக்கில் இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்தவர். சாயத் தொழில் தெரிந்தவர். புது ஊரில் அது எடுபடாமல் போக, மெழுகுவர்த்தியும் சோப்பும் காய்ச்சிக் குடும்பத்தைக் காப்பாற்றினார். இரண்டு தாரம், 17 பிள்ளைகள். ஆண்பிள்ளைகளில் கடைக்குட்டி பெஞ்சமின். பள்ளிக்கூடம் போனது ஏறக்குறைய இரண்டே வருஷம். அச்சுக்கூடத்தில் வேலை கற்று, பத்திரிகை நடத்தி, இடிதாங்கி கண்டு, பிற்காலத்தில் பென்சில்வேனியா பல்கலைக்கழகமாக வளர்ந்த கல்விக்கூடத்தையும் தொடங்கி வைத்தார்.

1757இல் பென்சில்வேனியா சட்டசபையின் பிரதிநிதியாக லண்டன் போனார். மறுவருஷக் கோடையில் மகன் வில்லியத்தைக் கூட்டிக்கொண்டு, தந்தை பிறந்த எக்டன் கிராமத்துக்குக் கிளம்பினார். அந்த ஊர் தேவாலயப் பதிவேடு 1555இலிருந்து இருந்தது. அதைப் புரட்டியபோதுதான், ஐந்து தலைமுறையாகக் கடைசி மகனுக்குக் கடைசி மகனாக வந்தவர் தாம் என்பது தெரிந்தது! குடும்பத்துக்கு 30 ஏக்கர் சொந்த நிலம், கூடவே கொல்லுப்பட்டறை. பட்டறை எப்போதும் மூத்த மகனுக்கு.

பெரியப்பா தாமஸ் பட்டறையில் வளர்ந்து, படித்து, பத்திரம் எழுதுகிறவராகி, ஊர்க் காரியங்களில் முன்னால் நின்றவர். பழைய நாட்காட்டிப்படி, பெஞ்சமின் பிறப்பதற்குச் சரியாக நாலு வருஷம் முன்பு, அதே தேதியில் இறந்தவர். அன்றைக்கே பிறந்திருந்தால் மறுபிறவி என்று சொல்லலாம் என வில்லியம் வேடிக்கை பேசினாராம்.

கல்லறைக் கற்களில் பாசி மூடிக் கிடந்தது. பிராங்க்ளினுக்கு அடிமையாக இருந்த பீட்டர் பிரஷ்ஷும் தண்ணீருமாகத் தேய்த்துக் கழுவினார். தெரிந்த எழுத்துகளை வில்லியம் பார்த்து எழுதிக்கொண்டார்.

1771இல் பிராங்க்ளின் தம் வாழ்க்கை வரலாற்றை அந்த மகனுக்கு எழுதும் கடிதமாகவே ஆரம்பித்தார். ஆனால் விதியைப் பாருங்கள்! நியூ ஜெர்சி கவர்னராக இருந்த வில்லியம், சுதந்திரப் போரில் ஆங்கில மன்னர் பக்கம் நின்றுவிட்டார். 1776இல் அவர் கைதானார். அப்பன் மகன் உறவு அறுந்தது. 1785இல் சவுத்தாம்ப்டனில் ஒருமுறை சந்தித்தார்கள், மனசு ஒட்டவில்லை. 1790 ஏப்ரல் 17இல் பிராங்க்ளின் காலமானார். உயிலில் வில்லியத்துக்குக் கிடைத்தது பெயரளவுக்குத்தான். ஐந்து தலைமுறைக்கு முன்னால் போய் உறவைத் தேடிப் பிடித்தவருக்கு, பெற்ற மகனோடு ஒட்டிப்போக முடியாமல் போய்விட்டது.

பீட்டர் கழுவிய கற்களில் அவருடைய முன்னோர் பெயர் ஒன்றுகூட இல்லை. அந்த அநியாயம் பிராங்க்ளினுக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. 1787இல் அடிமை ஒழிப்புச் சங்கத்தின் தலைவரானார். இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன் நாடாளுமன்றத்துக்கு மனுவும் போட்டார்.

நண்பர்களே, வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே முன்னோர் பெயர்களைக் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எழுதும்போது பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். அவர்களோடு ஏதாவது மனஸ்தாபம் இருந்தால், முதலில் அதைப் பேசித் தீர்த்துவிடுங்கள்.