காரிநாயனார்

பொன்னி பாயும் சோழநாட்டில், கொறுக்கையூரில், புத்தன் என்பார்க்கு மைந்தராய்த் தோன்றியவர் காரிநாயனார். கணக்கதிகாரம் என்னும் நூலால் அவர் புகழ் நிலைத்தது.

நிலத்தை அளப்பினும், பொன்னை நிறுப்பினும், நெல்லைப் பகிரினும் முழு எண் மட்டும் போதாது. பின்னம் அறியாத உழவன் களத்துமேட்டில் தன் பங்கை இழக்க நேரும். ஒன்றிற் பாதி அரை. அதிற் பாதி கால். அதிற் பாதி அரைக்கால். அதிற் பாதி மாகாணி. ஒன்றை 320 கூறாக்கினால் ஒரு கூறு முந்திரி எனப்படும். திண்ணைப் பள்ளிகள் இருந்த நாளில் சிறுவர் இவற்றை எண்சுவடியில் ஓதி மனப்பாடம் செய்தனர்.

மனப்பாடம் செய்த எண்ணை வாழ்க்கையோடு பொருத்திக் காட்டுவது கணக்கதிகாரம். நிலம், பொன், நெல், அரிசி எனக் கணக்குகளைப் பகுத்து, எளிய பாக்களால் விளக்கினார் காரிநாயனார். பலாப்பழத்தை அறுக்காமலே சுளைகளை மதிப்பிடும் வழி அந்நூலில் உண்டு. காம்பருகிலுள்ள சிறு முட்களை எண்ணி, ஆறாற் பெருக்கி, ஐந்தால் வகுத்தல் வேண்டும். முள் 50 ஆயின் சுளை 60. பழத்துக்குப் பழம் விடை மாறலாம். ஆயினும், ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டுதல் என்னும் கருத்துப் பிள்ளைகள் உள்ளத்தில் பசுமரத்தாணிபோற் பதியும்.

பின்னம் தேர்ந்தவன் பிறரால் ஏமாற்றப்படான். தன் பங்குக்கு மேல் விரும்பவும் மாட்டான்.