டொரதி ஹொட்ஜ்கின்: பளிங்குகளோடு ஒரு வாழ்வு

எமது கல்லூரி இரசாயனவியல் ஆய்வுகூடத்தில் நூலிற் கட்டித் தொங்கவிட்டு, நீலநிறச் செப்புச் சல்பேற்றுப் பளிங்கு வளர்த்த எவருக்கும் டொரதி ஹொட்ஜ்கின் அந்நியரல்லர். பத்து வயதில் அவரும் அப்படித்தான் தொடங்கினார்.

1910ஆம் ஆண்டு மே 12ஆம் திகதி எகிப்தின் கெய்ரோ நகரில் பிறந்தார். தந்தையார் ஜோன் குரோபூட் அங்கு கல்விச் சேவையில் இருந்தவர். தாயார் மொலி பண்டைய நெசவுகளை ஆராய்ந்து பெயர் பெற்றவர். முதலாம் உலகப் போர் மூண்டதும் பிள்ளைகளை இங்கிலாந்தில் விட்டுச் செல்ல நேர்ந்தது. பெக்கிள்ஸ் என்ற சிறிய ஊரில் அவர் படித்த பாடசாலையில் இரசாயனவியல் ஆண்பிள்ளைகளுக்கு, மனையியல் பெண்பிள்ளைகளுக்கு என்று பிரித்திருந்தார்கள். டொரதியும் நோரா பியூசி என்ற தோழியும் மட்டும் அனுமதி பெற்று ஆண்பிள்ளைகளின் வகுப்பிற் போய் அமர்ந்தார்கள். பெண்கள் கல்லூரியிற் படித்த நாம் அப்படி எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. அதன் பெறுமதி அப்போது எமக்கு விளங்கவுமில்லை.

ஒக்ஸ்போர்டின் சோமர்வில் கல்லூரியிற் பட்டம் பெற்று, 1932இல் கேம்பிறிட்ஜில் ஜே. டி. பேர்னாலிடம் ஆராய்ச்சிக்குச் சென்றார். இருவரும் 1934இல் பெப்சின் என்னும் புரதத்தின் பளிங்கை உலரவிடாமல் ஈரத்துடனேயே வைத்து எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்தார்கள். தெளிவான படம் கிடைத்த முதற் புரதம் அதுவே. ஏறக்குறைய அதே நாட்களில், தமது 24ஆவது வயதில், கைமூட்டுகளில் வலி என்று வைத்தியரிடம் போன டொரதிக்கு முடக்குவாதம் என்று சொல்லப்பட்டது. அந்த நோய் அவரை ஆயுள் முழுதும் விடவில்லை. விரல்கள் கோணின. எக்ஸ்-கதிர் இயந்திரத்தின் ஆளியைத் திருக முடியாமற் போனபோது, அதற்கு நீண்ட கைபிடி ஒன்றைச் செய்வித்துப் பூட்டிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார்.

அந்த வேலை எத்தகையது என்பதை வைத்தியத்துறைக்கு வெளியே இருக்கும் சகோதரிகளுக்காகச் சற்று விரித்துச் சொல்கிறோம். ஒரு மருந்து வேலை செய்கிறது என்று அறிவது வேறு. அது என்ன பொருள், அதன் அணுக்கள் எப்படி அடுக்கப்பட்டுள்ளன என்று அறிவது வேறு. பளிங்கினூடாக எக்ஸ்-கதிரைச் செலுத்தினால், கதிர் சிதறிப் படத்தாளிற் புள்ளிகளாக விழும். ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு கறுப்பு என்று கண்ணால் ஒப்பிட்டு அளக்கவேண்டும். அந்த எண்களிலிருந்து, இலத்திரன்கள் எங்கே செறிந்துள்ளன என்று கணித்து வரைபடம் வரையவேண்டும். கணினி கைக்கு வராத காலம் அது. கணிதப் பெறுமானங்கள் அச்சிட்ட கடதாசிக் கீற்றுகளை மரப்பெட்டியிலிருந்து எடுத்து அடுக்கி, நிரல் நிரலாகக் கூட்டினார்கள். இத்தனைக்குப் பிறகும், புள்ளிகளின் கறுப்பு வேண்டிய தகவலிற் பாதியைத்தான் தரும். மீதியைக் கண்டுபிடிக்கப் பளிங்கினுள் ஒரு பார அணு இருந்தால் உதவியாக இருக்கும். இல்லாவிட்டால் ஊகித்து, சரிபார்த்து, மீண்டும் ஊகிக்க வேண்டியதுதான்.

இந்த வழியிலேயே போர்க்காலத்தில் பெனிசிலினை எடுத்துக்கொண்டார். அதன் அமைப்புப் பற்றி இரசாயனவியலாளர்கள் இரண்டு அணியாக நின்றார்கள். அவருடைய சொந்தப் பேராசிரியர் ரொபேட் றொபின்சன் மறு அணியில் இருந்தார். 1945இல் டொரதியும் மாணவி பார்பரா லோவும் முடித்த வரைபடம், பலர் நம்ப மறுத்த நான்கு அணு வளையத்தைக் காட்டியது. பீற்றா-லக்ரம் வளையம் என்று நாம் மருத்துவ பீடத்திற் பாடமாக்கியது அதைத்தான். பெனிசிலினுக்கு அடங்காத பல கிருமிகள் உடைப்பதும் அதே வளையத்தைத்தான்.

1948இல் அவரிடம் விற்றமின் பி12இன் சிவப்புப் பளிங்குகள் வந்தன. அக்காலத்தில் அவ்வளவு பெரிய மூலக்கூறை இம்முறையால் எவரும் முழுமையாகத் தீர்த்ததில்லை. நல்லகாலமாக அதன் நடுவே ஒரு கோபாற்று அணு இருந்தது. கலிபோர்னியாவில் கெனத் ட்றூபிளட்டின் கணினி உதவியும் கிடைத்தது. 1956இல் முழு அமைப்பும் வெளியாயிற்று.

இதற்கிடையில் 1937இல் தோமஸ் ஹொட்ஜ்கினை மணந்து மூன்று பிள்ளைகளையும் வளர்த்தார். 1964இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசு அவருக்குத் தனித்து வழங்கப்பட்டது. மேரி கியூரிக்கும் அவர் மகள் ஐரீனுக்கும் பின் அப்பரிசைப் பெற்ற மூன்றாவது பெண் அவர். அப்போதும் ஓர் ஆங்கிலப் பத்திரிகை, இல்லத்தரசி ஒருவருக்கு நோபல் என்ற பொருளிலேயே தலைப்பிட்டது. இதைப் படிக்கும்போது எமக்குக் கோபம் வருகிறது. அவர் கோபப்பட்டு நேரத்தை வீணாக்கியதாகத் தெரியவில்லை.

அவருக்கு மீதமிருந்தது இன்சுலின். 1934இல் றொபின்சன் கொடுத்த சிறிதளவு இன்சுலினிலிருந்து பளிங்கு வளர்த்து, முதற்படத்தைக் கழுவி எடுத்தபோது அவருக்கு வயது 24. அன்றைய முறைகளால் அதைத் தீர்க்க வழியிருக்கவில்லை. ஆனாலும் அவர் அதைக் கைவிடவில்லை. 1969இல், இந்தியாவின் எம். விஜயன் உட்பட்ட இளம் குழுவுடன், அதன் அமைப்பை வெளியிட்டார். முதற்படத்திலிருந்து 35 வருடங்கள். 1994 ஜூலை 29ஆம் திகதி அவர் காலமானார். அதற்கு முந்திய வருடம் பீஜிங்கில் நடந்த பளிங்கியல் மாநாட்டுக்குச் சக்கர நாற்காலியில் போய் வந்திருந்தார்.