செஸ் மேதை மீர் சுல்தான் கான்

ஹாஸ்டலில் ராத்திரி பன்னிரண்டு மணி வரை செஸ் போர்டைக் கட்டிக்கொண்டு அழும் கூட்டத்தில் அடியேனும் ஒருவன். ஓப்பனிங் புத்தகம் வாங்கக் காசில்லையே என்று புலம்பும் நம்மாட்களுக்காக ஒருவரைப் பற்றிச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

பிரிக்கப்படாத பஞ்சாபில், மிட்டா திவானா என்ற ஊரில் பிறந்தவர் மீர் சுல்தான் கான். ஒன்பது வயதில் அப்பாவிடம் ஆட்டம் கற்றார். ஆனால் அது நம் நாட்டு சதுரங்கம். அதில் சிப்பாய் முதல் தடவைகூட இரண்டு கட்டம் தாவாது. கோட்டை கட்டுவதும் வேறு மாதிரி. பெரிய நிலக்கிழாரான சர் உமர் ஹயாத் கான் அவரை ஆதரித்து, ஐரோப்பிய முறையில் பழக்கி, 1929-ல் லண்டனுக்கு அழைத்துப் போனார். போன வருஷமே பிரிட்டிஷ் சாம்பியன்! 1932, 1933-லும் அவரேதான்.

உச்சம் என்றால் ஹேஸ்டிங்ஸ் 1930–31 தான். எதிரே முன்னாள் உலக சாம்பியன் கபாபிளாங்கா. 1916 முதல் 1924 வரை எட்டு வருஷம் ஒரு ஆட்டம்கூடத் தோற்காத மனுஷன்! சுல்தானுக்கு வெள்ளைக் காய். கபாபிளாங்கா ஆடியது குயின்ஸ் இந்தியன் டிஃபென்ஸ். ஐந்தாவது மூவில் சுல்தான் ராணிப் பக்கத்து ஓரச் சிப்பாயை ஒரே ஒரு கட்டம் நகர்த்தினார். பார்த்தா சும்மா தள்ளின மாதிரி இருக்கும். ஆனால் கறுப்பு மந்திரி வந்து குதிரையை முடக்க முடியாதபடி அது வழியை அடைத்துவிட்டது. பிற்பாடு உலக சாம்பியனான பெட்ரோசியன் பெயரில்தான் இந்த முறை இன்று வழங்குகிறது. சுல்தான் பெயரும் அதில் சேர்ந்திருக்கலாம் என்பது என் ஆதங்கம். ஆட்டம் 65 மூவ் வரை இழுத்தது. ஜெயித்தவர் நம்ம ஆள்!

1931-ல் டார்டகோவரையும் மேட்சில் வென்றார். அந்த ஊர்க் குளிரும் மலேரியாவும்தான் அவரைப் பாடாய்ப் படுத்தின. தொண்டையில் துணி சுற்றிக்கொண்டே ஆடுவாராம்.

1933 கடைசியில் உமர் ஹயாத் கான் ஊர் திரும்ப, இவரும் கூடவே கிளம்பிவிட்டார். உலகின் முன்னணி ஆட்டக்காரர்களில் ஒருவரின் சர்வதேச ஆட்டம் ஐந்தே வருஷத்தில் முடிந்தது. கிராண்ட்மாஸ்டர் பட்டத்தை ஃபிடே முறைப்படி வழங்கத் தொடங்கியதே 1950-ல்தான். அப்போது இவர் ஊரில் விவசாயம் பார்த்துக்கொண்டிருந்தார். 1966-ல் சர்கோதாவில் காசநோயால் காலமானார். கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் 2024-ல் வந்தது. செத்து 58 வருஷம் கழித்து!