பிஞ்சுக் கைகளை அறிந்த மருத்துவர்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக் காலம். இத்தாலி நாட்டின் ரோம் நகரில் இருந்த மனநோயாளிகள் காப்பகம் ஒன்றில், அறிவு வளர்ச்சி குன்றியவர்கள் என்று ஒதுக்கப்பட்ட சிறுவர் சிறுமியர் ஒரே அறையில் அடைத்து வைக்கப்பட்டிருந்தனர். உணவு வேளை முடிந்ததும் அவர்கள் தரையில் விழுந்து, சிதறிக் கிடந்த ரொட்டித் துகள்களைத் தேடிப் பொறுக்குவர். அவர்களைக் கவனித்துக்கொண்ட பெண்மணிக்கு அது அருவருப்பைத் தந்தது. எவ்வளவு உண்டாலும் அடங்காத பேராசை என்று குறைபட்டுக்கொண்டார். அங்கு வந்திருந்த இளம் பெண் மருத்துவரோ அறையைச் சுற்றிப் பார்த்தார். சுவர்களையும் தரையையும் தவிர அங்கு ஒன்றுமே இல்லை. கையில் எடுக்கவோ உருட்டவோ திருப்பிப் பார்க்கவோ ஒரு பொருளும் இல்லை. குழந்தைகள் துகள்களைத் தேடியது வயிற்றுப் பசியால் அன்று. அவர்களின் கைகள் வேலை தேடின என்பது அவருக்குப் புரிந்தது.

அந்த மருத்துவர்தாம் மரியா மாண்டிசோரி அம்மையார்.

அவர் 1870ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் இத்தாலியின் கியாரவல்லே என்னும் ஊரில் பிறந்தார். தந்தை அரசு ஊழியர். மகள் ஆசிரியராக வேண்டும் என்பது அவருடைய விருப்பம். மகளோ மருத்துவம் பயிலப் புறப்பட்டார். அன்றைய இத்தாலியில் பெண்கள் மருத்துவம் படிப்பது அரிது. ஆண் மாணவர்களுடன் சேர்ந்து ஒரு பெண் பிணத்தை அறுத்துப் பார்ப்பது முறையாகாது என்று கருதியதால், மற்றவர்கள் சென்ற பிறகு அவர் தனியே இருந்து அந்தப் பாடத்தைக் கற்க வேண்டியதாயிற்று. இத்தனைக்கும் ஈடுகொடுத்து, 1896இல் ரோம் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார்.

காப்பகத்தில் கண்ட காட்சி அவரை உறங்கவிடவில்லை. இடார், செகேன் என்னும் பிரெஞ்சு மருத்துவர்கள் இருவர் எழுதிய நூல்களைத் தேடிப் படித்தார். தொட்டும் பார்த்தும் கேட்டும் அறியும் பொருள்களைக் கொண்டு அத்தகைய குழந்தைகளுக்குக் கற்பிக்கலாம் என அவர்கள் காட்டியிருந்தனர். அதே வழியில் அம்மையார் பயிற்றுவித்த சிலர், மற்றக் குழந்தைகள் எழுதும் தேர்வையே எழுதித் தேறினர். ஊரார் வியந்தனர். அம்மையாரின் வியப்போ வேறு: நல்ல உடலும் அறிவும் வாய்த்த குழந்தைகளைப் பள்ளிகள் எந்த அளவுக்கு அடக்கி வைத்திருந்தால், இவர்கள் அவர்களை எட்டிப் பிடித்திருக்க முடியும்!

இதே காலத்தில் அவருடைய சொந்த வாழ்வில் ஒரு துயரம் நிகழ்ந்தது. 1898இல் அவருக்கு மரியோ என்னும் மகன் பிறந்தான். திருமணம் நிகழாத நிலையில் பிறந்த குழந்தையைத் தம்முடன் வைத்து வளர்த்தால், அன்றைய சமூகத்தில் மருத்துவப் பணியையே இழக்க நேரிடும். எனவே குழந்தை நாட்டுப்புறத்தில் ஒரு குடும்பத்திடம் வளர்ந்தான். தாய் அவ்வப்போது சென்று பார்த்து வந்தார். மகன் பதினைந்து வயதை ஒட்டிய பருவத்தில்தான் அவருடன் வந்து சேர்ந்தான். உலகெங்கும் உள்ள குழந்தைகளின் தொடக்க ஆண்டுகளைப் பற்றிப் பேசிய அந்தத் தாய்க்குத் தம் மகனின் தொடக்க ஆண்டுகள் கிட்டவில்லை.

1907ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள், ரோமின் சான் லொரென்சோ என்னும் ஏழைக் குடியிருப்பில் அவர் ஒரு குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். பெற்றோர் வேலைக்குச் சென்றதும் படிக்கட்டுகளில் அலைந்து திரிந்த குழந்தைகளே அங்கு வந்தவர்கள். அழகிய பொம்மைகளும் அங்கே வைக்கப்பட்டன. ஆனால், அவை பெரும்பாலும் தொடப்படாமலே கிடந்தன. குழந்தைகளின் கை, துளைகளில் பொருந்தும் மர உருளைகளையும் அளவு வாரியாக அடுக்கும் கட்டைகளையுமே நாடியது. ஒரு நாள் மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி உருளைகளை எடுப்பதும் பொருத்துவதுமாக இருந்தாள். மற்றவர்களைச் சுற்றிப் பாடச் சொன்னார்கள், அவள் நிமிரவில்லை. நாற்காலியோடு தூக்கி மேசைமேல் வைத்தார்கள். மடியில் உருளைகளை ஏந்திக்கொண்டு தொடர்ந்தாள். நாற்பது முறைக்கு மேல் செய்து முடித்த பின், தூங்கி எழுந்தவளைப்போல் சிரித்த முகத்துடன் நிமிர்ந்தாள். தானாகத் தேர்ந்த பொருளில் ஒரு குழந்தை இவ்வளவு ஆழ்ந்துவிடும் என அதுவரை எவரும் எண்ணவில்லை.

இன்னொரு நாள் முற்றத்தில் நின்ற ஒரு தாயிடமிருந்து நான்கு மாதக் குழந்தையை வாங்கிக்கொண்டு அம்மையார் வகுப்பிற்குள் வந்தார். இவளைப்போல் அசையாமல் உங்களால் இருக்க முடியுமா என்று விளையாட்டாகக் கேட்டார். வகுப்பு முழுவதும் மூச்சடக்கி அமர்ந்தது. கைக்குழந்தையிடமும் கற்க உண்டு என்பது அன்று அவருக்கு வேடிக்கை; பின்னர் அதுவே அவருடைய ஆராய்ச்சியாயிற்று. அந்த ஆராய்ச்சி முதிர்ந்த இடம் தமிழகம்.

இத்தாலியில் முசோலினியின் ஆட்சியோடு ஏற்பட்ட மோதலால் 1934இல் அவருடைய பள்ளிகள் மூடப்பட்டன. அவரும் நாட்டைவிட்டு வெளியேறினார். 1939இல் ஜார்ஜ் அருண்டேலும் ருக்மிணி தேவியும் விடுத்த அழைப்பை ஏற்று, மரியோவுடன் சென்னையின் அடையாறுக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது 69. ஏறத்தாழ முந்நூறு ஆசிரியர்கள் கூடியிருந்தனர். அம்மையார் இத்தாலிய மொழியில் பேச, மரியோ அதனை ஆங்கிலத்தில் பெயர்த்தார். சில மாதங்களில் திரும்பிவிடும் எண்ணத்தோடுதான் வந்தார்கள். போர் அதற்கு இடந்தரவில்லை.

1940 ஜூன் மாதத்தில் இத்தாலி போரில் இறங்கியது. பிரிட்டிஷ் இந்தியாவில் இத்தாலியர் யாவரும் பகைநாட்டவர் ஆயினர். மரியோ தடுப்பு முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அம்மையாரின் நடமாட்டமும் அடையாறு வளாகத்தோடு நின்றது. மொழிபெயர்த்த குரலும் இல்லை, மகனும் இல்லை. ஆகஸ்டு 31, அவருடைய எழுபதாம் பிறந்தநாள். அன்று அரசப் பிரதிநிதியிடமிருந்து தந்தி வந்தது. பிறந்தநாள் பரிசாக மரியோ விடுவிக்கப்பட்டார்.

1942 முதல் 1944 வரை இருவரும் கொடைக்கானலில் தங்கினர். அங்குத்தான், பயிற்சிக்கு வந்தோருடனும் அக்கம்பக்கத்தாருடனும் இருந்த மிகச் சிறிய குழந்தைகளை அருகிலிருந்து பார்க்கும் வாய்ப்பு அம்மையாருக்கு வாய்த்தது. ஐரோப்பாவில் வசதி படைத்த வீட்டுக் குழந்தை தனி அறையில், தொட்டிலில், பொம்மைகளோடு விடப்படும். இந்தியத் தாயோ சந்தைக்கும் கோயிலுக்கும் குழந்தையை இடுப்பில் சுமந்து சென்றாள். காய்கறியின் நிறமும் பேரம் பேசும் குரல்களும் குழந்தையின் கண்ணிலும் காதிலும் விழுந்துகொண்டே இருந்தன. பொம்மைத் தொழில் பெருகாத நாடுகளில் குழந்தைகள் அமைதியாக இருப்பதையும், பெரியவர்கள் செய்வதையே தாமும் செய்ய விழைவதையும் அவர் தம் நூலில் குறித்துள்ளார்.

ஜொகூரின் ரப்பர்த் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதன்று. பால்மரம் வெட்டப் போகுமுன் தாய்மார் கைக்குழந்தைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுச் செல்வர். கடைப் பொம்மைக்கு அங்கே காசு ஏது? கையில் அகப்பட்டதே விளையாட்டுப் பொருள்.

அப்படியானால் எதைக் கையில் கொடுப்பது? பிறந்த குழந்தைக்கு ஏறத்தாழ ஒரு முழத்திற்கும் குறைவான தொலைவில் உள்ளதே தெளிவாகத் தெரியும். கறுப்பு வெள்ளை போன்ற அழுத்தமான வேறுபாடு அதன் கண்ணை ஈர்க்கும். மூன்று நான்கு மாதங்களில் கை நீளும். அப்போது பிடித்து ஆட்ட இலேசான கிலுகிலுப்பை வேண்டும். தான் அசைத்ததால்தான் ஒலி வந்தது என்பதைக் குழந்தை கண்டுபிடிக்கும் நேரம் அது. உட்காரத் தொடங்கியதும் இரு கைகளுக்கும் வேலை வரும். கிண்ணம், மரக்கரண்டி, துணிப் பந்து என ஒவ்வொன்றும் வெவ்வேறு எடையும் வழவழப்பும் சொல்லும். எட்டு ஒன்பது மாதங்களில் பெட்டியின் துளையில் போட்ட பந்து மறைந்து மீண்டும் வெளியே உருண்டு வருவது பெரும் வியப்பு. கண்ணுக்கு மறைந்தது இல்லாமற்போவதில்லை என்ற அறிவு அங்கே பிறக்கிறது. ஓராண்டை நெருங்கும்போது பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து சிறு பொருளைக் கிள்ளி எடுக்கும். எல்லாம் வாய்க்குள் போகும் வயது அது. ஆகவே, தொண்டையில் சிக்கும் அளவுள்ளவை, சாயம் உதிர்பவை, கூர்முனை உடையவை ஆகாது. பொத்தானை அழுத்தினால் தானே பாடி ஆடும் மின்கலப் பொம்மையில் வேலை முழுவதையும் பொம்மையே செய்துவிடுகிறது. கைக்கு மிஞ்சுவது ஓர் அழுத்தல்தான்.

இவற்றில் பல, அம்மையார் தம் கையால் செய்தவை அல்ல. அவர் காட்டிய வழியில் அடேலே கோஸ்டா ஞோக்கி என்னும் மாணவி, கைக்குழந்தைகளைப் பேணுவோருக்கான பள்ளியை 1947இல் ரோமில் தொடங்கினார். தொட்டிலுக்கு மேலே தொங்கும் கறுப்பு வெள்ளை வடிவங்களும் நிறம் படிப்படியாக மாறும் நூல் பந்துகளும் அந்த மரபில் வந்தவை. ஜொகூர் பாருவின் பாலர் பள்ளிகளுள் சிலவற்றின் பெயர்ப் பலகையில் இன்று மாண்டிசோரி என்ற சொல்லைக் காணலாம். அந்தச் சொல் முதலில் நினைவூட்டுவது எழுத்தறிவையே. தொட்டில் பருவத்தைப் பற்றி அவர் எழுதியது அவ்வளவாக அறியப்படவில்லை.

போர் முடிந்ததும் அகமதாபாத்தில் அவர் ஆற்றிய உரைகளே, குழந்தையின் உள்வாங்கும் மனத்தைப் பற்றிய நூலாக 1949இல் அடையாற்றில் அச்சாயின. மூன்று ஆண்டுகள் கழித்து, 1952 மே 6ஆம் நாள், நெதர்லாந்தின் நோர்ட்வைக் என்னும் கடலோர ஊரில் தம் 81ஆம் வயதில் அவர் காலமானார். பல ஆண்டுகளாக ஊராரிடம் மரியோவை உறவினர் என்றும் வளர்ப்பு மகன் என்றும் சொல்லி வந்தவர், தம் பணிகள் யாவற்றையும் ஒப்படைத்த உயிலில் மரியோவைத் தம் மகன் என்றே குறிப்பிட்டிருந்தார்.