யார் இந்த எட் ராபர்ட்ஸ்? கம்ப்யூட்டரை ‘கிட்’டாக விற்றவர் கிராமத்து டாக்டர் ஆன கதை

பிசி வாங்கணும்னாலே முதலில் வரும் கேள்வி இதுதான்: ரெடிமேடா வாங்குவதா, பாகங்களை வாங்கி நாமே அசெம்பிள் செய்வதா? இந்த இரண்டுக்கும் 1975-லேயே தனித்தனி விலை போட்டவர் எட் ராபர்ட்ஸ். அவரது ஆல்டேர் 8800 கம்ப்யூட்டர், கிட்டாக வாங்கினால் 397 டாலர். அசெம்பிள் செய்தது 498 டாலர். அதாவது, வேலை மிச்சமாக 101 டாலர் கூடுதல்.

கழுத்தை நெரித்த கடன்

ராபர்ட்ஸ் 1941-ல் மயாமியில் பிறந்தார். டாக்டர் ஆவதுதான் இளம் வயது ஆசை. ஆனால் எலெக்ட்ரானிக்ஸ் இழுத்துக்கொண்டது. அமெரிக்க விமானப் படையில் இருந்தபோது, 1969-ல் நண்பர்களுடன் ஆல்புகர்க்கி நகரில் மிட்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். 1971-ல் வந்த கால்குலேட்டர் கிட் நன்றாகவே விற்றது. பிறகு பெரிய கம்பெனிகள் ரெடிமேட் கால்குலேட்டர் விலையைத் தடாலடியாகக் குறைத்தன. 1974-ல் மிட்ஸின் கடன் சுமார் 3 லட்சம் டாலர்!

கடைசி முயற்சி

அந்த நிலையிலும் வங்கியில் மேலும் கடன் வாங்கி, கம்ப்யூட்டரில் இறங்கினார். அப்போது இன்டெல் 8080 சிப்பின் சில்லறை விலை 360 டாலர். மொத்தமாக வாங்குவதாகப் பேசி, ஒன்று 75 டாலருக்கு முடித்தார். விலை குறைந்த ரகசியம் இதுதான்.

‘பாப்புலர் எலெக்ட்ரானிக்ஸ்’ இதழின் 1975 ஜனவரி அட்டையில் ஆல்டேர் வந்தது. அனுப்பிய மாதிரி வழியிலேயே தொலைந்துபோனதால், அட்டையில் இருந்தது வெறும் பெட்டி! மானிட்டர் இல்லை, கீபோர்டு இல்லை, மெமரி 256 பைட்தான். சுவிட்சைத் தட்டித்தான் புரோகிராம் போடணும். கிட் வாங்கியவர் ஒவ்வொரு பாகத்தையும் தானே சால்டரிங் செய்யணும். ஒரு இணைப்பு சரியில்லை என்றாலும் மக்கர்தான். ஆனாலும் சில வாரங்களிலேயே ஆர்டர்கள் ஆயிரத்தைத் தொட்டன.

பில் கேட்ஸும் பால் ஆலனும் ஆல்டேருக்காக பேசிக் மொழியை எழுதி, ஆல்புகர்க்கியிலேயே மைக்ரோசாஃப்ட்டைத் தொடங்கினார்கள்.

ஜெயித்தது எது?

1977-ல் ஆப்பிள் 2, டிஆர்எஸ்-80, கொமடோர் பெட் மூன்றும் வந்தன. பெட்டியைப் பிரித்து, பிளக்கை மாட்டினால் போதும். ஆப்பிள் 2-ன் ஆரம்ப விலை 1,298 டாலர். ஆல்டேர் கிட்டைப் போல மூன்று மடங்குக்கும் மேல்! ஆனாலும் சந்தை அந்தப் பக்கம்தான் சாய்ந்தது. சால்டரிங் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர். கம்ப்யூட்டர் தேவைப்பட்டவர்களோ ஏராளம்.

அதே ஆண்டு ராபர்ட்ஸ் மிட்ஸை விற்றுவிட்டு, ஜார்ஜியா மாநிலத்தில் விவசாயம் பார்க்கப் போனார். பழைய ஆசை விடவில்லை. 40 வயதைத் தாண்டி மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1986-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். காக்ரன் என்ற சிற்றூரில் மருத்துவம் பார்த்தார்.

2010 ஏப்ரல் 1-ல், 68 வயதில் காலமானார். கடைசி நாட்களில் மருத்துவமனையில் இருந்தவரைப் பார்க்க பில் கேட்ஸ் நேரில் வந்துபோனார்.